தாய்வீடு இல்லாதவளின் மரணம்

மணமான ஒரு பெண் புகுந்த வீட்டில் தீக்காயம் பட்டோ தூக்கில் தொங்கியோ இறந்துபோனால், மறுநாள் பத்திரிகையின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் நாலைந்து வரிகளில் வரும் குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் முடிகிறது: திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இறந்திருப்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடைபெற்று வருகிறது. படித்துப் பழகிய கண்கள் அந்த வாக்கியத்தில் நிற்பதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் டில்லியிலும் பிற நகரங்களிலும் மாதர் அமைப்பினர் வீதிக்கு வந்து, ஸ்டவ் வெடித்து இறந்ததாகச் சொல்லப்படும் இளம் மனைவியருள் உண்மையில் விபத்தால் இறந்தவர் எத்தனை பேர், கொளுத்தப்பட்டவர் எத்தனை பேர் என்று உரத்துக் கேட்டதன் பயனாக, 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவும், 1986-இல் வரதட்சிணை மரணம் பற்றிய 304-பி பிரிவும் சேர்ந்தன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவும் திருத்தப்பட்டு, மணமாகி ஏழாண்டுக்குள் நேரும் இத்தகைய மரணங்களில் பிரேதப் பரிசோதனையும் நிர்வாக நடுவரின் விசாரணையும் விதிக்கப்பட்டன. 2024 ஜூலையில் சட்டங்களின் பெயர்களும் பிரிவு எண்களும் மாறினவே தவிர, ஏழாண்டு வரம்பு மாறவில்லை.

அந்த 174-ஆம் பிரிவை நிதானமாகப் படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். மணமான பெண்களின் மரணம் குறித்த சந்தர்ப்பங்களை அது மூன்றாக வகுக்கிறது: ஏழாண்டுக்குள் நிகழ்ந்த தற்கொலை, ஏழாண்டுக்குள் நிகழ்ந்து, பிறர் செய்த குற்றமோ என்ற நியாயமான ஐயத்தை எழுப்பும் மரணம், ஏழாண்டுக்குள் நிகழ்ந்து, இறந்தவளின் உறவினர் எவரேனும் விசாரணை வேண்டும் என்று கேட்டுக்கொண்ட மரணம். மூன்றாவதில் வரும் அந்த உறவினர் யார்? நடைமுறையில் அவர் இறந்தவளின் தகப்பனார், தாயார், உடன்பிறந்தவர். இரண்டாவதில் சொல்லப்படும் ஐயத்தைக் காவல் நிலையத்தின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களும் அநேகமாக அவர்களேதாம். ஆக, பாராளுமன்றம் இயற்றிய ஒரு பெரிய பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும், இறந்த பெண்ணுக்குப் பின்னால் ஒரு பிறந்த வீடு உயிரோடும் வலுவோடும் நிற்கிறது என்னும், எங்கும் எழுதிவைக்கப்படாத ஓர் அனுமானத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது.

கணவன் கையாலோ, கணவன் தந்த துன்பம் தாளாமலோ நிகழும் மரணங்களால் சமுதாயத்துக்கு ஏற்படும் நஷ்டம் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் பல தேசங்களில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஏழைகள்மீது அது அதிகம் விழுகிறது, இளையவர்கள்மீது அதிகம் விழுகிறது என்பன அவர்களுடைய முடிவுகள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் நம் நாட்டு நிலைமையில் இந்த ஏற்றத்தாழ்வை அளக்கச் சரியான அளவுகோல் வருமானம் மாத்திரம் அன்று. பெண்ணின் தாய்வீட்டு வலிமையே என்பது என் துணிபு. அவள் சாவதற்கு முன்னும், செத்த அன்றைக்கும், செத்த பிறகும் என்று மூன்று தடவை அந்த வலிமை பரீட்சிக்கப்படுகிறது. அந்தப் பரீட்சை எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்க்க வடசென்னைக்கு அப்பாலுள்ள வள்ளூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது.

பொன்னேரி வட்டத்தில், மீஞ்சூரை அடுத்துக் கிடக்கும் வள்ளூர் ஒரு காலத்தில் வயலும் உப்பளமும் சூழ்ந்த கிராமம். இன்று தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின் வாரியமும் கூட்டாக அமைத்த 1,500 மெகாவாட் அனல் மின் நிலையத்தால்தான் அது வெளியுலகுக்குத் தெரிகிறது. கிழக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம். அதற்கப்பால் 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே மணலி, எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று ஆலைகளும் கிடங்குகளும் மீனவர் குப்பங்களும் தொடர்ந்து நெருங்கிக் கிடக்கின்றன. கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் சாலையை அடைத்து நிற்கின்றன; கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து, இறாலைக் கையால் துழாவிப் பிடித்துப் பிழைத்தவர்களின் ஜீவனம் கெட்டுவிட்டது. வேலையில் பெரும்பகுதி ஒப்பந்த வேலை. ஒப்பந்தக்காரன் கையெழுத்திட்டால் இந்த மாதம் வேலை உண்டு, இல்லையேல் இல்லை. இந்த வேலையை நம்பிப் பிற மாவட்டங்களிலிருந்து குடியேறியவர்களும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஒற்றை அறை வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். அந்த அறைகளில் குடியிருக்கும் பெண்களுள் பலருக்குத் தாய்வீடு என்பது இரண்டு நாள் ரயில் பயணம். காதல் மணம் புரிந்துகொண்டவளுக்கோ, அது நாலு தெரு தள்ளி இருந்தாலும், கதவு சாத்திய வீடு.

இந்த மரணங்களின் தொகை எவ்வளவு என்று கேட்பது நியாயமே. உலக அளவில் ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு ஒன்று இருக்கிறது: 2023-இல் வேண்டுமென்றே கொலை செய்யப்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஏறத்தாழ 85,000 பேர்; அவர்களுள் 51,100 பேர் கணவன், காதலன் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்டவர்கள். நாளொன்றுக்கு 140 பேர். கொலையுண்ட பெண்களில் நூற்றுக்கு 60 பேர் இவ்வாறு சொந்த மனிதர்களால் சாக, ஆண்களில் அவ்வாறு செத்தவர் நூற்றுக்கு 12 பேருக்குச் சற்றுக் குறைவு. 2013-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான, பல நாட்டுத் தகவல்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று வாழ்க்கைத் துணையை மாத்திரம் தனியே எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பெண் கொலைகளில் நூற்றுக்கு 38.6-ம் ஆண் கொலைகளில் நூற்றுக்கு 6.3-ம் துணையால் நிகழ்ந்தவை என்று கண்டது. அந்நியனைக் கண்டு அஞ்சும்படி பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் உலகம், அபாயம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் தவறாகவே சொல்லிக் கொடுக்கிறது.

இந்தியாவின் கணக்கோ வேறு விதமானது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் வரதட்சிணை மரணத்துக்குத் தனி இனம் உண்டு. 2022-இல் அதன்கீழ்ப் பதிவானவை ஏறத்தாழ ஆறாயிரத்து ஐந்நூறு. ஆனால் கொலைகளைப் பற்றிய அட்டவணை, கொலைக்குக் காரணம் யாது என்று கேட்கிறதே ஒழிய, கொன்றவன் கொல்லப்பட்டவளுக்கு என்ன உறவு என்று கேட்பதில்லை. குடும்பத் தகராறு, தகாத உறவு, முன்விரோதம் என்று காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சீர்வரிசை என்னும் பேச்சே எழாத ஒரு குடிசையில், குடித்துவிட்டு வந்த கணவன் சந்தேகத்தின் பேரில் மனைவியின் தலையில் அம்மிக் குழவியைப் போட்டுக் கொன்றால், அந்த மரணம் வரதட்சிணைக் கணக்கில் சேராது; குடும்பத் தகராறு என்ற பெரும் குவியலில் போய் விழும். ஒரு வருஷத்தில் எத்தனை மனைவியர் கணவரால் கொல்லப்பட்டனர் என்ற எளிய கேள்விக்கு நம்முடைய தேசிய அறிக்கையிலிருந்து விடை எடுக்க முடியாது. சொத்தும் சீரும் கைமாறும் குடும்பங்களில் நிகழும் மரணத்துக்காவது ஒரு பெயர் இருக்கிறது. வள்ளூரின் ஒற்றை அறையில் நிகழும் மரணத்துக்கு அதுவும் இல்லை.

பதிவாகாமற்போவது எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். 2001-ஆம் ஆண்டில் இந்தியாவில் தீயால் நிகழ்ந்த மரணங்களை மருத்துவச் சான்றிதழ்கள், மரணக் காரணம் பற்றிய கிராமப்புற ஆய்வுகள் முதலியவற்றைக் கொண்டு கணித்த சங்கவி, பல்லா, தாஸ் ஆகியோரின் ஆய்வு 2009-இல் அதே 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அவ்வாண்டில் தீயால் இறந்தவர் 1,63,000 பேருக்கு மேல் என்றும், காவல்துறை காட்டிய எண்ணிக்கையைப் போல் இது ஏறக்குறைய ஆறு மடங்கு என்றும் அவர்கள் கண்டார்கள். இறந்தவர்களில் 1,06,000 பேர் பெண்கள். அவர்களில் மிகுதியானோர் 15 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த வயதில் ஓர் ஆண் தீயில் சாக, மூன்று பெண்கள் செத்திருக்கிறார்கள். இவர்கள் அனைவரையும் கணவன்மார் கொளுத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அடுப்படியில் நேரும் உண்மையான விபத்தும் உண்டு, மனமுடைந்து தானே மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வதும் உண்டு. எனினும் அடுப்பு வயதைப் பார்த்துத் தீப்பிடிப்பதில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அதே அடுப்பில் சமைக்கும் மாமியாரை விட்டுவிட்டு, புதிதாக வந்த மருமகளைத் தீ தேடிப் பிடிக்கிறது என்றால், அதற்கு அடுப்பைப் பரிசோதிப்பதால் விடை கிடைக்காது.

தீக்காயப் பிரிவில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்தில் உடல் வெந்த பெண்ணை 108 ஆம்புலன்ஸில் ஏற்றினால், லாரி நெரிசலைக் கடந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ, தீக்காயச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுவருகிறார்கள். வாசலிலேயே டாக்டர் விபத்துப் பதிவேட்டில், எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்குரிய விடையை எழுதிக்கொள்கிறார், ஏ.ஆர். காப்பி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதன்பின் காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. நடுவர் வந்து மரண வாக்குமூலம் வாங்குகிறார். ஆழமாக வெந்த உடம்பில் முதல் ஓரிரு நாட்கள் அறிவு தெளிவாகவே இருக்கும். நோய்த்தொற்று பரவிய பிறகுதான் நினைவு தடுமாறும். ஆகவே அவள் பேசக்கூடிய நேரம் குறுகியது. அந்த நேரத்தில் கட்டிலைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதே கேள்வி. கொண்டுவந்து சேர்த்தவன் கணவனாகவோ அவனுடைய தாயாராகவோ இருக்கக்கூடும். வீட்டில் இரண்டு குழந்தைகள் அவர்கள் வசத்தில் இருக்கின்றன. தான் பிழைப்பது சந்தேகம் என்பது அவளுக்குத் தெரியும். தான் போய்விட்டால், கணவனும் சிறைக்குப் போய்விட்டால், அந்தக் குழந்தைகளுக்குச் சோறு போடுபவர் யார் என்ற கணக்கை அவள் போடுகிறாள். பால் காய்ச்சும்போது சேலையில் தீப்பிடித்துவிட்டது என்கிறாள். சட்டம் மிகப் பெரிய மதிப்புக் கொடுக்கும் சாட்சியம் அது. சாகப்போகிறவள் பொய் சொல்லமாட்டாள் என்பது அதன் ஆதாரம். ஆனால் குழந்தைகளின் பொருட்டுச் சாகப்போகும் தாய் எதைத்தான் சொல்லமாட்டாள்? தாயாரும் அண்ணனும் பக்கத்தில் வந்து, பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ உள்ளதைச் சொல் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லக் கிடைத்தவளுக்கு மாத்திரம், உண்மை சொல்வது சாத்தியமாகிறது. 2001 முதல் சென்னையில் இயங்கிவரும் பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம் தீக்காயம் பட்ட பெண்களோடு ஆண்டுக்கணக்காகப் பணியாற்றி வருவதன் பெருமையை நான் இங்கேதான் காண்கிறேன்: தாய்வீடு வந்து நிற்க வேண்டிய கட்டிலோரத்தில், அது வராதபோது, வேறு யாரேனும் வந்து நிற்க வேண்டும்.

இறந்த பிறகு, வருவாய்க் கோட்டத்தின் அதிகாரி நிர்வாக நடுவராக இருந்து நடத்தும் ஆர்.டி.ஓ. விசாரணையும் இதே தன்மையது. வள்ளூர்ப் பெண்ணுக்கு அது பொன்னேரி சார் ஆட்சியரின் விசாரணை. பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேதத்தைப் பார்வையிட்டு, காயங்களைக் குறித்து, இரு தரப்பாரையும் தனித்தனியே கேட்டு எழுதுகிறார்கள்: என்ன சீர் செய்தீர்கள், எத்தனை சவரன் போட்டீர்கள், பிறகு ஏதேனும் கேட்டார்களா, கடைசியாகப் பெண் எப்போது உங்கள் வீட்டுக்கு வந்தாள், வந்தபோது என்ன சொன்னாள். கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவற்றுக்கு விடை சொல்ல, சீர் செய்த ஒரு தகப்பன் வேண்டும். பெண் வந்து அழுவதற்கு ஒரு வீடு இருந்திருக்க வேண்டும். கணவனோடு ஓடிவந்தவளுக்கு அந்தக் கேள்விகளில் பாதி பொருந்தாது. ஒடிசாவிலிருந்து வந்தவளின் தகப்பனார், மொழி தெரியாத ஊருக்கு, கடன் வாங்கி டிக்கெட் எடுத்து, பிணம் அழுகுமுன் வந்து சேர்ந்தால்தான் உண்டு. வந்தவரிடமும் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர், போனது போயிற்று, பிள்ளைகள் பேரில் ஏதாவது ஒரு தொகை போடச் சொல்கிறேன், கேஸ் என்று அலைந்தால் உங்கள் பிழைப்புத்தான் கெடும் என்று பேசி முடிக்கப் பார்ப்பார். வழக்கு நீதிமன்றத்தில் ஏறும்போது சாட்சிகள் பிறழ்வதற்கு விதை அந்த முதல் நாள் பேச்சிலேயே ஊன்றப்படுகிறது.

ஏழாண்டு வரம்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். புது மணப்பெண்ணைச் சீர் கேட்டு வதைப்பதைத் தடுக்க எழுந்த சட்டம் ஆகையால் ஏதோ ஒரு வரம்பு வைத்தார்கள். ஆயின் அடியும் உதையும் ஏழாவது வருஷத்தோடு ஓய்ந்துவிடுவதில்லை. எட்டாவது வருஷத்தில் இறப்பவளுக்கும் உடல் அதேதான், கணவன் அதே கணவன். மாறியதெல்லாம், பிள்ளைகள் ஒன்றிரண்டு அதிகமாகியிருக்கிறார்கள், தாய்வீட்டில் தகப்பனார் காலமாகி அண்ணன் மனைவி குடித்தனம் நடத்துகிறாள் என்பதுதான். கேட்பதற்கு ஆள் குறைந்த அதே காலத்தில் சட்டமும் தானாகக் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது.

சாவுக்கு முந்திய காலத்துக்கு வருவோம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், மணமான பெண்களுள் கணவனுடைய வன்முறைக்கு எப்போதேனும் ஆளானதாகச் சொன்னவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. கணவன் அடிக்கடி குடிப்பவனானால் நூற்றுக்கு 70 மனைவியரும், குடியாதவனானால் 23 மனைவியரும் அடிபட்டதாகவோ பாலியல் பலவந்தத்துக்கு உள்ளானதாகவோ நாடளாவிய அதே ஆய்வு கூறுகிறது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் நடத்தும் ஒரு மாநிலத்தில், ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆலைச் சாலைகளில் கூடும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மற்றொரு செய்தி. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர் நூற்றுக்கு 14 பேர் மாத்திரமே. நாடியவர்களிலும் பெரும்பான்மையோர் சென்றது தங்கள் சொந்தக் குடும்பத்திடம். போலீசிடம் சென்றவர் மிகச் சிலர். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் ஆயிரம்விளக்கில் திறக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் ஒவ்வோர் உட்கோட்டத்திலும் ஒன்று உண்டு. 2006 அக்டோபர் முதல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் பெண் முதலில் ஏறும் படி தாய்வீட்டுப் படிதான். காவல் நிலையத்துக்கு வரும்போதும் அவள் தனியே வருவது அபூர்வம்; அண்ணனோ மாமனோ கூட வந்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், கணவனைக் கூப்பிட்டு விடுவார்கள், கவுன்சலிங் நடக்கும், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். அந்தச் சமரசத்தை நான் இழிவாகப் பேசவரவில்லை. பின்னால் ஒரு குடும்பம் நின்று கவனித்துக்கொண்டிருந்தால் எழுதிக்கொடுத்த காகிதத்துக்குச் சிறிதேனும் மரியாதை இருக்கும். கவனிக்க யாருமில்லாதவளுக்கு, போலீஸ் ஸ்டேஷன் வரை போனாள் என்ற குற்றமும் அன்றிரவு சேர்ந்துகொள்ளும்.

வாழாவெட்டி என்று சொல்வார்களே, தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டாமா, கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்று அனுப்பிவைக்கும் தாய்மார்களை நாம் சுலபமாக ஏசிவிடுகிறோம். ஒப்பந்தக் கூலியில் பிழைக்கும் வீட்டில் மேலும் மூன்று வாய்களுக்கு இடமில்லை என்பதை அந்தத் தாய் வேறு எப்படித்தான் சொல்வாள்? பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது. வீடோ நிலமோ தன் பெயரில் இல்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்க, நிலம் உடையவர்களில் அது 18-ஆகவும், வீடு உடையவர்களில் 10-ஆகவும், இரண்டும் உடையவர்களில் 7-ஆகவும் இருந்தது. போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பது கணவனுக்கும் தெரிந்திருந்தால் அவன் கை தாழ்கிறது. தன் பெயரில் உள்ள வீடு பெண்ணுக்குத் தானே ஒரு தாய்வீடாகிவிடுகிறது. 1989-இல் தமிழ்நாடு, மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மத்திய அரசு அதைச் செய்வதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னதாகவே செய்தது என்பது நமக்குப் பெருமை. ஆனால் பூர்விகச் சொத்தே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் பங்கிட்டுக் கொடுக்க எதுவுமில்லை.

போக இடமில்லாதவர்களுள் ஒரு பகுதியினர் எங்கே போகிறார்கள் என்பதைத் தற்கொலைக் கணக்கு காட்டுகிறது. 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் 23,178 பேர். அவர்களுள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டினர். மாநிலங்களுள் அவ்வாண்டு நாம்தான் முதலிடம். தற்கொலைகளுக்குக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை தரும் காரணங்களுள் முதலாவதாக நிற்பது குடும்பப் பிரச்சினை என்ற பொதுச்சொல். இல்லத்தரசிகளின் தற்கொலைகளில் எத்தனை, அடி பொறுக்காமல் நேர்ந்த மரணம் என்பதை அந்த அறிக்கை பிரித்துக் காட்டுவதில்லை. கொலை என்று பதிவாகாத காரணத்தால் ஒரு மரணம் கணவனுடைய கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள என் மனம் இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது பரீட்சை பிணம் எடுத்த பிறகு தொடங்குகிறது. இதைப் பற்றியே மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. சுகாதாரக் கணக்கர்கள் அகால மரணத்தின் நஷ்டத்தை இழந்த ஆண்டுகளால் அளப்பது வழக்கம்: எழுபது வயதைக் கடந்து வாழக்கூடிய பெண் இருபத்துநாலு வயதில் போனால், போனது ஓர் உயிர் மாத்திரம் அன்று, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலான வாழ்வு. இருதய நோயால் அறுபதில் போனவரையும் இவளையும் ஒன்று, ஒன்று என்று எண்ணும் கணக்கு இவளுக்கு அநீதி செய்கிறது. ஆயினும் இந்த அளவும் அவளோடு நின்றுவிடுகிறது. அந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் அவள் செய்திருக்க வேண்டிய காரியங்கள் அவளோடு சாவதில்லை. வேறு யாருடைய தோளிலோ ஏறுகின்றன. தாய் பிணவறையில், தகப்பன் புழல் சிறையில் என்று ஒரே நாளில் இருவரையும் இழக்கும் குழந்தைகள் வேறெந்த வகை மரணத்திலும் இவ்வளவு பேர் இருக்கமாட்டார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு போகிறவள் தாயைப் பெற்ற பாட்டி. ஓய்ந்து உட்காரவேண்டிய வயதில் அவள் மறுபடி மீன் கூடையையோ துடைப்பத்தையோ எடுக்கிறாள். பேரப்பிள்ளைகளுள் மூத்தவள் பெண்ணாக இருந்துவிட்டால், தம்பிக்குச் சோறு ஊட்டப் பள்ளியிலிருந்து நிற்கிறாள். பள்ளியிலிருந்து நின்றவளுக்குச் சீக்கிரம் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் தாங்களும் அடிபடும் மனைவியராவது மற்றவர்களைவிட அதிகம் என்று குடும்ப நல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பாட்டியும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் கொடியது: தாய் சாவைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சியான குழந்தை, குற்றம் சாட்டப்பட்டவனின் வீட்டிலேயே, அவர்கள் போடும் சோற்றை உண்டு வளர்ந்து, அவனுக்கு எதிராக நீதிமன்றத்தில் சொல்லவேண்டியவனாகிறான்.

இறந்துபோனவளுடைய உழைப்புக்கு விலை போடவே முடியாது என்று யாரும் சொல்வதற்கில்லை; நீதிமன்றங்கள் போட்டிருக்கின்றன. ஜாம்ஷெட்பூர்த் தீவிபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உச்சநீதிமன்றம் 2001-இல் மதிப்பிட்டது. சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசியின் மதிப்பைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒன்று என்று வாய்பாடு போல் எடுப்பதை, நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அங்கம் வகித்த சென்னை உயர்நீதிமன்ற அமர்வு 2009-இல் தீபிகா வழக்கில் கேள்விக்குள்ளாக்கி, அவள் வீட்டில் செய்யும் பணி ஒவ்வொன்றும் உழைப்பே என்பதை விரிவாக எடுத்துரைத்தது. அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை எடுத்தாண்டது. ஆகவே வள்ளூர் முனையில் ஒரு கன்டெய்னர் லாரி அவளை மோதிக் கொன்றால், அவளுடைய சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் வருஷவாரியாகக் கணக்குப் போட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வாங்கிக் கொடுக்கத் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கைத் தேடிவந்து நடத்த வக்கீலும் இருக்கிறார். அதே பெண்ணை அவள் கணவன் கொன்றால், அதே பிள்ளைகளுக்கு அதே கணக்கைப் போட்டுக் கொடுப்பவர் எவரும் இல்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் குற்றத்தால் உயிரிழந்த பெண்ணின் குடும்பத்துக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இரண்டும் நல்ல திட்டங்கள். இரண்டுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். மீன் கூடையோடு விடியற்காலை ரயிலேறும் பாட்டிக்கு, திருவள்ளூரில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் விலாசத்தைச் சொல்வது யார் கடமை என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

பிற தேசங்கள் இதில் நமக்கு முன்னே போயிருக்கின்றன. ஸ்பெயின் அரசு, கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்களை 2003 முதல் ஒவ்வொருவராக எண்ணிவருகிறது; 2013 முதல், அவர்கள் விட்டுச்சென்ற சிறுவர் சிறுமியரையும் அதே பட்டியலில் எண்ணுகிறது. இத்தாலி 2018-இல் இத்தகைய அநாதைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 2011 முதல், குடும்ப வன்முறையால் நிகழும் கொலை ஒவ்வொன்றுக்கும் பிறகு, எந்த அலுவலகம் எந்த நாளில் எதைச் செய்யத் தவறியது என்று உள்ளூர் அமைப்புகள் கூடி ஆராயவேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. இவை பணக்கார தேசங்களின் வசதிகள் என்று ஒதுக்கிவிட நியாயமில்லை. இவற்றுக்கு வேண்டியது பணத்தைக் காட்டிலும் அதிகமாக, எழுதிவைக்கும் வழக்கம்.

அந்த வழக்கம் நம்மிடமும் இல்லாமல் போகவில்லை. பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணைக்கு என்று ஒரு கோப்பு ஏற்கெனவே திறக்கப்படுகிறது. இரு தரப்பாரும் ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்கிறார்கள். எத்தனை சவரன் என்று கேட்டு எழுதும் அதே தாளில், குழந்தைகள் எத்தனை பேர், வயது என்ன, எந்த வகுப்பு, இன்றிரவு யார் வீட்டில் தூங்குகிறார்கள் என்றும் கேட்டு எழுதி, அந்தத் தாளின் ஒரு பிரதியை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், மற்றொன்றைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அலுவலகமே அனுப்பிவிட்டால், பாட்டி விண்ணப்பத்தோடு அலையவேண்டியதில்லை. உறவினர் எவரும் வந்து கேளாத மரணத்தில், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் உறவினர் ஸ்தானத்தில் நின்று விசாரணை கேட்கலாம் என்று ஓர் அரசாணை பிறப்பித்தால், ஒடிசாத் தகப்பனார் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மணமாகி எத்தனை ஆண்டு என்று பாராமல், வீட்டுக்குள் இயற்கைக்கு மாறாக இறக்கும் மணமான பெண் ஒவ்வொருத்திக்கும் இந்த விசாரணை நடக்கவேண்டுமானால் மாத்திரம் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தவேண்டியிருக்கும். முதலிரண்டும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் கோட்டையும் இந்த வருஷத்திலேயே செய்யக்கூடியவை.